சாப்பு வைத்த வலைப்பக்கம்

பத்மாவதியிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்தது. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. வேலை மாறிக்கொண்டிருந்தது, அல்லது வேலை அப்படியே இருக்க, அதன் பெயர் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. இரண்டில் எது என்பது அவளுக்கே விளங்கவில்லை.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கடற்கரைத் தெருப் பக்கம் இருந்த ஹனீபாவின் விளம்பர அலுவலகத்தில் அவள் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். 1996இல் ஹனீபா ‘இன்டர்நெட் வாங்கினார்’. குளிர்சாதனப் பெட்டி வாங்கியதைச் சொல்வதைப் போலத்தான் அதைச் சொன்னார். பத்து விரலாலும் தட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அந்த மோடம் அவள் மேஜைக்கு வந்தது. அந்த ஆண்டே அவள் வெப் டிசைனர் ஆனாள். அடுத்த ஆண்டு வெப் டெவலப்பர். சம்பளம் மட்டும் தட்டச்சுக்காரியுடையதாகவே இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் ஹனீபாவுக்குக் குழப்பமே கிடையாது.

அவளுடைய அப்பா விஸ்வலிங்கம் ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாம் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது அவர் விசாரணையைத் தொடங்குவார்.

“பிள்ளை, நீ கம்ப்யூட்டர் விக்கிறியா, ரிப்பேர் பண்றியா?”

“ரெண்டும் இல்லப்பா. பக்கம் செய்றேன்.”

“என்ன பக்கம்?”

“ஸ்கிரீன்ல வர்ற பக்கம்.”

“அதை யார் படிக்கிறது?”

நியாயமான கேள்விதான். அவள் அப்பாவுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

1997இன் பிற்பாதியில், வெள்ளி என்று இங்கே சொல்லும் மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு சரியத் தொடங்கியது. அதுவரை மாதத்துக்கு ஒருமுறை மாறிய விமான டிக்கெட் விலை தினமும் காலையில் மாறியது. ஹனீபாவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பயண முகவர்கள். அவர்கள் பேக்ஸ் அனுப்புவார்கள். பத்மாவதி ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, நிரலின் கோணக் குறிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சென்னை டிக்கெட் விலையைத் தேடிப் பிடித்து மாற்றுவாள். மாற்றி முடிக்கும்போது மதியமாகிவிடும். அதற்குள் விலை மறுபடி மாறியிருக்கும். எதற்காக மாற்றுகிறோம் என்று ஒருநாள் தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வி ஆபத்தானது என்று விட்டுவிட்டாள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். விலைகளைப் பக்கத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியே ஒரு கிடங்கில் வைத்தாள். வாடிக்கையாளரே தன் கடைக் கணினியில் ஒரு படிவத்தைத் திறந்து, புது விலையைத் தட்டி, பொத்தானை அழுத்தினால் பக்கம் தானாக மாறிக்கொள்ளும். இன்று இதற்கு உள்ளடக்க மேலாண்மைத் தளம் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. அன்று பெயரே இல்லை. ஹனீபா அதை “பத்மாவோட மெஷின்” என்றார்.

மெஷினைப் பார்த்த ஹனீபா நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“பிசினஸ் டவுன்லா, பத்மா. வெப் பக்கத்தையே மூடிடலாமான்னு இருந்தேன். இப்பிடிச் செய்வோம். மொதல்ல நம்ம ஹாஜியார் கடைக்குக் கொடு. ஹரி ராயா பெருநாளுக்குள்ள அவங்க உன்னைக் கூப்பிடாம தானா மாத்திக்கிட்டாங்கன்னு வை, மத்தவனுங்களும் வந்துருவானுங்க. தனி டிபார்ட்மெண்ட் போட்டுரலாம். நீதான் ஹெட்.”

“இல்லாட்டி?”

“மூடிருவோம். நீ மறுபடி டைப்பிங்.”

“அவங்க என்னைக் கூப்பிடாம இருந்தா எனக்குப் புரமோஷனா, பாஸ்?”

“ஆமா.”

“கூப்பிட்டா டைப்பிங்?”

“கரெக்ட். சரியாப் புரிஞ்சிக்கிட்ட.”

சரியாகப் புரிந்துகொண்டதுதான் அவளுடைய தொல்லை. தான் எவ்வளவுக்குத் தேவைப்படவில்லையோ அவ்வளவுக்கு உயர்வு. அந்த வாரம் முழுக்க வீட்டுக்குப் போகும் பெர்ரிப் படகில் நின்றபடி அந்தக் கணக்கை முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து போட்டாலும் கடைசியில் அவள் இல்லாமல்தான் முடிந்தது.

ஹாஜியார் என்று ஊர் அழைத்த ஷேக் அலாவுதீனுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பயண நிறுவனம். சென்னை டிக்கெட், சுமத்ராவின் மேடானுக்குக் கப்பல், உம்ரா யாத்திரை. அங்கே கணினியைத் தொடும் அதிகாரம் பெற்றவள் சலேஹா. படிவத்தை அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு தேத்தாரேத் தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பத்மாவதி நிம்மதியாகத் திரும்பினாள்.

மறுநாள் காலை பேக்ஸ் வந்தது. அவள் செய்த படிவமேதான். சலேஹா அதைத் திரையில் திறந்து, காலியாகவே அச்செடுத்து, கட்டங்களில் பேனாவால் விலைகளை நிரப்பியிருந்தாள். அடியில் ஹாஜியாரின் கையெழுத்து. கையெழுத்தின் மேல் சாப்பு. பினாங்கில் ரப்பர் முத்திரைக்கு அதுதான் பெயர்.

பத்மாவதி தொலைபேசியை எடுத்தாள்.

“சலேஹா, அதைத்தான் நேத்து ஸ்கிரீன்ல அடிச்சிக் காட்டுனியே?”

“அடிச்சேனே, அக்கா. நல்லாத்தான் இருந்துச்சி.”

“அப்புறம் ஏன் இது?”

“சாப்பு எங்க அடிக்கிறதாம்? ஸ்கிரீன் மேலயா? மொதலாளி சைன் இல்லாம, சாப்பு இல்லாம வெலைய மாத்திட்டு, நாளைக்கு எவனாவது வந்து சண்டை போட்டா யாரு பதில் சொல்றது? நீங்க வருவீங்களா?”

பத்மாவதி நேரிலேயே போனாள். அலாவுதீன் அவளுக்கு நாற்காலி போட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் பேச்சுக்கு வந்தார்.

“தங்கச்சி, ஒன் மெஷின நான் கொறை சொல்லல. ஆனா பாரு, எங்க வாப்பா காலத்துலேருந்து இந்தக் கடைல சாப்பு இல்லாம ஒரு தாள் வெளிய போனதில்ல.”

“இது தாளே இல்லீங்க, ஹாஜியார்.”

“அதான் பயமா இருக்கு. தாளா இருந்தாக்கூடப் பரவால்ல.”

அவள் மெஷினில் ஒரு படியைச் சேர்த்தாள். சலேஹா விலையைத் தட்டுவாள். ஹாஜியார் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துச் சம்மதித்தால்தான் பக்கம் மாறும். கையெழுத்துக்குப் பதில் கடவுச்சொல். அறிவுக்குப் பொருத்தமான ஏற்பாடு. ஹாஜியார் கடவுச்சொல்லைச் சலேஹாவிடமே கொடுத்துவிட்டார். சலேஹா அதைப் பயன்படுத்த அஞ்சி, சம்மதப் பக்கத்தையும் அச்செடுத்து, அதிலும் அவரிடம் கையெழுத்து வாங்கிச் சாப்பு அடித்தாள். முன்பு ஒரு தாள் வந்த பேக்ஸில் இப்போது இரண்டு வந்தன.

ரமலான் பிறந்துவிட்டது. ஹனீபா பேக்ஸ் இயந்திரத்தைக் கடக்கும்போதெல்லாம் அதன் தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அலுவலக மூலையில் உறை போட்டு மூடிக் கிடந்த பழைய தட்டச்சுப் பொறியை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். அது தற்செயலா ஏற்பாடா என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

கணினி ஏன் பிறந்தது என்று பாடப் புத்தகங்கள் சொல்வதற்கெல்லாம் எதிரான ஒன்றை அவள் அந்த வாரம் செய்தாள். ஹாஜியாரின் சாப்பை ஒரு வெள்ளைத் தாளில் அடித்து வாங்கி வந்து, ஸ்கேன் செய்து, மெஷினுக்குள் வைத்தாள். ஹாஜியார் சம்மதப் பொத்தானை அழுத்தினால் விலைப் பட்டியலின் அடியில் நீல வட்டமாக அந்தச் சாப்பு வந்து விழும்.

ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாமே அழுத்தினார். பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழாக வந்தது. கடைசியில் சாப்பு வந்தது. சலேஹா கை தட்டினாள். ஹாஜியார் தட்டவில்லை.

“நேரா இருக்கே, தங்கச்சி.”

“நேரா இருந்தா நல்லதுதானே?”

“எந்தச் சாப்பு நேரா விழும்? கையால அடிச்சா கொஞ்சம் சாயும்லா. இதப் பாத்தா எவனோ கள்ளச் சாப்பு போட்ட மாதிரி இருக்கு.”

ஆக, அவள் படித்த நிரல் மொழியெல்லாம் ஒரு வட்டத்தை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் கோணலாக்கப் பயன்பட்டது. ஒழுங்கைக் கெடுப்பதற்கு எவ்வளவு ஒழுங்கான கணக்குத் தேவைப்படுகிறது என்று அவள் வியந்தாள். முதல் நாள் அது இடப்பக்கம் சாய்ந்தது. மறுநாள் வலப்பக்கம், ஓரம் லேசாக மங்கி. ஹாஜியார் திருப்தியடைந்தார். “இப்பத்தான் நம்ம கடை மாதிரி இருக்கு,” என்றார்.

அதன் பிறகு பேக்ஸ் வரவில்லை. தொலைபேசியும் இல்லை. விலைகள் தினமும் தாமாகவே மாறின. சாப்பைப் பார்த்துவிட்டு மேடான் கப்பல்காரரும், சுலியா தெரு டிக்கெட் கடைக்காரரும் தங்கள் முத்திரைகளை வெள்ளைத் தாளில் அடித்து அனுப்பினார்கள். அவர்களுடைய பேக்ஸும் நின்றது. பத்மாவதி காலையில் வந்து உட்கார்ந்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தான் வெற்றி பெற்றுக்கொண்டிருப்பதாக ஊகித்தாள். ஆனால் வெற்றி இவ்வளவு வேலைநீக்கம் மாதிரி இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலை செய்வதுபோலத் தெரிய வேண்டுமே என்று சும்மா தட்டிக்கொண்டிருந்தாள்.

ஹரி ராயா விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் ஹனீபா வாக்கைக் காப்பாற்றினார். கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை, கதவில் பெயர்ப் பலகை, உதவிக்குச் சந்திரிகா என்ற புதுப் பெண்.

“பாஸ், ஹெட்டுன்னா நான் என்ன செய்யணும்?”

“பாத்துக்கணும்.”

“எதை?”

“அவங்களே பாத்துக்கிறாங்கல்ல, அதை.”

அவள் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். மேஜை பெரிதாக இருந்தது. மெஷின் இருந்த கணினி வெளியே பழைய மேஜையில்தான் இருந்தது. இன்டர்நெட் கம்பி கண்ணாடி அறை வரை எட்டவில்லை. சந்திரிகா அதன் முன்னால் அமர்ந்து, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கைகளை மடியில் வைத்திருந்தாள்.

பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஹாஜியார்.

“தங்கச்சி, ஹெட் ஆயிட்டியாமே! ஹனீபா சொன்னாரு. ரொம்பச் சந்தோசம்.”

“நன்றி, ஹாஜியார்.”

“சென்னைக்கு இருபது வெள்ளி கூடியிருக்கு. சலேஹா ஸ்கிரீன்ல போட்டு ரெடியா வெச்சிருக்கா. அழுத்தலாமா?”

“அழுத்துங்களேன். என்னை எதுக்குக் கேக்குறீங்க? முந்தி நீங்களாத்தானே அழுத்துனீங்க?”

“அப்ப நீ சும்மா பத்மா. இப்ப ஹெட்டுலா. ஹெட்டுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அழுத்துனா நல்லாவா இருக்கும்? இனிமே தெனமும் ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான். மேடான்காரருகிட்டயும் சொல்லிட்டேன். அவரும் கூப்பிடுவாரு.”

கூப்பிடாமல் இருந்ததற்காகக் கிடைத்த பதவி. பதவி கிடைத்ததற்காகக் கூப்பிடுகிறார்கள். இதைத் தோல்வி என்று கணக்கு வைப்பதா, மரியாதை என்று வைப்பதா? ஒப்பந்தம் ஹரி ராயாவோடு முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹனீபா கையில் தேநீர்க் கோப்பையோடு நடந்துகொண்டிருந்தார்.

“அழுத்துங்க, ஹாஜியார்,” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வைத்தாள்.

கை எடுப்பதற்குள் மறுபடி மணி அடித்தது. மேடான்காரராகத்தான் இருக்க வேண்டும். அவள் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். பிறகு, வாடிக்கையாளர் அல்ல, வேறு யாரோ கூப்பிடுவதுபோல ஹனீபாவின் பக்கம் புன்னகைத்தபடி, தொலைபேசியை எடுத்தாள்.