எலி கடித்த கூறைப்புடவை

என் தகரப் பெட்டியின் அடியில் ஓர் அரக்குநிறப் புடவை இருக்கிறது. முனைகளில் தடவிய மஞ்சள் மங்கிப்போய்விட்டது. பிரித்தால் நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த ஓட்டை அது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டு வந்தவர் என் நாத்தனார், மாப்பிள்ளைக்கு அக்கா. திண்டிவனத்தில் எடுத்தது. கூறைப்புடவையைச் சாமி முன்னால் வைத்து, மஞ்சள் தடவி, பெண் வீட்டில்தான் மடிப்பைப் பிரிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் கடையிலும் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் கூடத்தில் பிரித்ததும் என் பெரியம்மா, "எலி கடிச்ச புடவையில தாலி ஏறலாமா? கல்யாணத்தைத் தள்ளி வெச்சிடுங்க" என்று ஆரம்பித்துவிட்டார். நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மாத்திக்கினு வந்துடறேன். அதுவரைக்கும் ஒண்ணும் முடிவு பண்ணிடாதீங்க" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். என் அப்பாவும் கூடப் போனார்.

கடையில் நடந்ததை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். துணி காட்டுகிறவர் கல்லாவைக் கை காட்டினார். கல்லாவில் இருந்தவர் முதலாளியைக் கேளுங்கள் என்றார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வெயில் சாயும்வரை இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வந்த முதலாளி மஞ்சளைப் பார்த்ததுமே புடவையைத் தள்ளிவிட்டார்.

"மஞ்சள் வெச்சாச்சு, இனிமே அது உங்க துணிம்மா. எங்க கடையில எலி கிடையாது."

"அப்ப எலி எங்ககூட பஸ்ஸுல வந்துச்சாங்க?" என்றாராம் நாத்தனார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட, முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. சுவரிலிருந்த அம்மன் படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றினார். "இங்கேர்ந்து போறப்பவே ஓட்டை இருந்துச்சுன்னு இதைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணு. ஜல்தியா வேற புடவை தர்றேன்."

அப்பா, "பண்ணிடும்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று அவசரப்படுத்தினார். நாத்தனார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"நான் பிரிச்சே பாக்கலியே மாமா. எங்க வீட்டு எலியா இருந்தா? பாக்காததுக்கு சத்தியம் பண்ணி வாங்கினு போனா, அதைக் கட்டிக்கிற பொண்ணு நல்லா இருக்கணுமே."

கற்பூரம் தானே எரிந்து அணைந்தது. நாத்தனார் ஓட்டைப் புடவையையே எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் அப்பாவுக்குக் கோபம் அடங்கவில்லையாம். அங்கே இறங்கி மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்கி வந்து, "சாப்பிடும்மா, காலையில இருந்து பட்டினி" என்று கொடுத்தாராம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதே புடவையோடு இருவரும் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பெரியம்மா பேசுவதற்குள் அப்பா நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டுச் சொன்னார்: "பொய் சத்தியத்துக்குப் பயப்படற வீடு. இதைவிட நல்ல சகுனம் எனக்கு வாணாம். நாளைக்கு இதான் கூறை." மறுநாள் ஓட்டையைக் கொசுவத்துக்குள் மறைத்து எனக்குக் கட்டிவிட்டவரும், பிறகு ஓட்டை உள்ளே போகும்படி மடித்துக் காட்டியவரும் நாத்தனார்தான்.

போன மாதம் பேத்திக்கு எடுத்த பாவாடை அளவு சேரவில்லை. கடையில் ஒரு கேள்வியும் கேட்காமல், சிரித்த முகத்தோடு மாற்றிக் கொடுத்தார்கள். நல்லதுதான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். நாத்தனார் அம்மன் காலடி சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அன்று அவர் கற்பூரத்தை அணைத்திருந்தால் எனக்கு நல்ல புடவை கிடைத்திருக்கும். எப்பேர்ப்பட்டவர் கையில் என்னைக் கொடுக்கிறார்கள் என்பது தெரியாமலே கழுத்தை நீட்டியிருப்பேன். ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, அவர் மடித்துக் காட்டிய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.