மாரியப்பன் துண்டு

1. ஆள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு முச்சந்தியில் உழவர் சிலை வைக்கச் சொன்னார்கள். அதுவரை கோயில் சுதை வேலைதான் பார்த்திருந்தேன். சாமிக்கு அளவு உண்டு. உழவருக்கு அளவு கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் செய்யணும்.

பக்கத்து வயலில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த மாரியப்பனை, கூலி தருகிறேன், சிலைக்கு மாதிரியாக வந்து நில் என்று கூப்பிட்டேன். பண்ணையாள்.

"சும்மா நிக்கிறதுக்குக் கூலியா? இத்தனை வருசமா இந்த வேலை எங்க இருந்துச்சு?" என்றான்.

நின்றான். கம்பி கட்டி, வலை சுற்றி, சாந்து ஏற்றினேன். சேற்றில் நடந்து விரிந்த கால் விரல்களை அப்படியே எடுத்தேன்.

ஒருநாள் கேட்டான்: "மேஸ்திரி, துண்டு எங்க வரும்?"

"எங்க வேணும்?"

"தோள்ல."

இது இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. பண்ணைத் தெருவில் கூலியாள் துண்டைத் தோளில் போட்டு நடக்க முடியாது. எடுத்து இடுப்பில் கட்டணும். அவன் அப்பா கடைசி வரைக்கும் அப்படித்தான் நடந்தார். சங்கம் வந்தது. கூலிச் சண்டை நடந்தது. ஆட்சியும் மாறியது. மாரியப்பன் தோளில் போட ஆரம்பித்தான். ஆனாலும் பண்ணை ஐயாவைக் கண்டால் கை தானாகத் துண்டுக்குப் போகும்.

"என் கை கேக்க மாட்டேங்குது மேஸ்திரி. சிலையோட கை கேக்கும்ல?"

சரி என்றேன்.

2. கலவை

துண்டு வைக்கிற அன்றைக்குக் காலையில் நெஞ்சுக்குக் கடைசிப் பூச்சு முடித்திருந்தேன். ஈரம் காயவில்லை. துண்டுக்குக் கலவை தயார். பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். பண்ணை ஐயாவும் வந்தார். சிமெண்டும் மணலும் ஐயா கொடுத்தது.

"உழுறவன் துண்டை இடுப்புலதானே கட்டுவான்? அப்படியே வைடா," என்றார் ஐயா.

"அதெல்லாம் அந்தக் காலம்ங்க. தோள்லதான். நம்ம கட்சிக் கரை பளிச்சுனு தெரியணும் மேஸ்திரி," என்றார் தலைவர்.

"கரை போட்ட துண்டோட எவன்யா ஏர் ஓட்டுறான்?"

"இடுப்புல துண்டு கட்டுனவன் எவன்ங்க சிலை ஆனான்?"

"கலவை இறுகுதுங்க," என்றேன். யார் காதிலும் விழவில்லை.

மாரியப்பன் இருவரையும் பார்த்தான். தன் துண்டை உருவினான். சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்து வைத்திருந்த பால் வாளியில் முக்கினான். பிழிந்து, சிலையின் தோளில் போட்டு, நுனியை நெஞ்சில் நீவிவிட்டான்.

"எடுடா அதை!" என்றார் ஐயா.

மாரியப்பன் கை துண்டுக்குப் போனது. பழக்கம்.

"எடுத்தா நெஞ்சுச் சாந்தும் சேர்ந்து பேந்துரும்ங்க," என்றேன். பொய் இல்லை.

கை நின்றது. கீழே இறங்கியது.

தலைவர் விடவில்லை. "சரி, காஞ்சதும் கரையை எழுதிரலாம். உன் துண்டுல என்ன கரைப்பா?"

"கரை ஏதுங்க தலைவரே? கறைதான்."

முதலில் சிரித்தது பண்ணை ஐயாதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தலைவரும் சிரித்தார். அத்தோடு தகராறு முடிந்தது. அந்த நேரம் சோற்றுத் தூக்கோடு அவன் மனைவி செல்லம்மா வந்தாள்.

"இருந்த ஒரு நல்ல துண்டையும் பொம்மைக்குப் போட்டுட்டு நிக்கிறியா? நீ எதைப் போடுவ?"

துணி விறைத்ததும் உள்பக்கம் சாந்து அடைத்து, மேலே பால் தடவினேன். இழை மறையாமல் பார்த்துக்கொண்டேன். கறையும் எழுதவில்லை, கரையும் எழுதவில்லை. வண்டல் நிறம் ஒன்றுதான் அடித்தேன்.

3. திறப்பு

திறப்பன்றைக்கு நாதஸ்வரம், மைக் செட், கூட்டம். செல்லம்மா வாங்கிக் கொடுத்த புதுத் துண்டைத் தோளில் போட்டு மாரியப்பன் முன்னால் நின்றான். பண்ணை ஐயா கார் வந்தது. இறங்கி அவன் பக்கமாகவே நடந்து வந்தார். நான் அவன் கையைத்தான் பார்த்தேன்.

கை கும்பிட்டது. துண்டுக்குப் போகவில்லை.

ஐயாவும் கும்பிட்டார். சிலையை ஒரு சுற்றுச் சுற்றினார். "காலு நல்லா வந்திருக்கு," என்றார். துண்டைப் பற்றிப் பேசவில்லை.

செல்லம்மா கிட்டே போய்த் துண்டின் ஓரத்தைப் பார்த்தாள். "ஏ, வந்து பாருங்கடி!" என்று பெண்களைக் கூப்பிட்டாள். "இந்தக் கிழிசல் நான் தைச்சது. தையல் அப்படியே நிக்குது!"

அன்று முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தையலைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் செய்த முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ரோட்டுச் சிலைகள் செய்தேன். துண்டோ சேலையோ, என் மனதுக்கு மடிப்பு எடுத்ததில்லை. யாருடைய சிலையோ அந்த வீட்டில் போய் ஒரு துணி கேட்பேன். பழசாகக் கொடுங்கள் என்பேன்.