மணி அடித்த கணக்கு

தலைமை ஆசிரியை, மூன்றாம் வகுப்பு டீச்சர், பெற்றோர் குழுத் தலைவியான எங்கள் தெரு அக்கா, அப்புறம் நான். அந்த வகுப்பறையில் இருந்தது அவ்வளவு பேர்தான். 2016 வாக்கில், ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊர் தொடக்கப் பள்ளி.

நான் மார்க்கெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிறவன். நாலாவதோடு படிப்பு நின்றது. குழுவில் பெயர் இருந்ததால் கூப்பிட்டார்கள். பள்ளிக்கு யாரோ கொடுத்த ஒரு டேப்லெட்டில் இரண்டு கணக்கு ஆப் இருந்தன. இடம் போதவில்லை. ஒன்றை எடுக்க வேண்டும். எதை வைப்பது என்று பேசத்தான் கூட்டம்.

எனக்கு மனசு அதில் இல்லை. மூன்றாவது படிக்கும் என் மகள் செவ்வாய்க்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்று வலி என்றாள். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. இவளும் மூட்டைக்கே போய்விடுவாளோ என்ற பயம். தினம் ஒரு தடவை கை நீட்டினேன். அப்படியும் போகவில்லை.

டீச்சர் முதல் ஆப்பைக் காட்டினார். கலர் கலராகப் படம், பாட்டு. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி, லோடு கணக்குல நீ புலியாச்சே. ஒண்ணு போட்டுக் காட்டேன்."

லோடு கணக்கில் நான் தப்பு விட்டதில்லை. டேப்லெட்டைக் கையில் வாங்கினேன். முப்பத்தெட்டில் பத்தொன்பது போனால் மீதி எவ்வளவு என்று கேட்டது. மனசுக்குள் மூட்டையாக அடுக்கி இறக்கினேன். ஒன்று என்று நாங்கள் சொல்வதில்லை, லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். லாபம், ரெண்டு, மூணு என்று உதடு அசைந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. நேரம் முடிந்ததாம். ஒரு குரங்கு வந்து கைகொட்டிச் சிரித்தது.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் குரங்கு.

"ஐயே, புலி பூனையாயிடுச்சே!" என்றார் அக்கா. தலைமை ஆசிரியையும் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க பொண்ணும் இப்படித்தாங்க உதட்ட அசைச்சி எண்ணுவா. திங்கக்கிழமை இதுல மணி அடிச்சதும் பசங்க எல்லாம் குரங்கு மாதிரியே கைகொட்டிச் சிரிச்சாங்க. அழுதுட்டா. அப்புறம் வரவே இல்ல."

எண்ணக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

டேப்லெட்டை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன். "இன்னொண்ணக் காட்டுங்க டீச்சர்" என்றேன்.

அதில் பாட்டு இல்லை. மணி இல்லை. அதே முப்பத்தெட்டுக் கணக்கை டீச்சர் எடுத்துக் கொடுத்தார். வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன். பாசிமணிகளைக் கோத்துக் காட்டி, மறுபடி போடச் சொன்னது. பத்தொன்பது என்று போட்டேன். சரி என்றது.

"இது இருக்கட்டும் டீச்சர். இது காத்துக்கினு இருக்குது."

"பாட்டு இல்லியே தம்பி, பசங்களுக்கு பேஜாரா இருக்குமே?" என்றார் அக்கா.

"பாட்டுக்கு ஊட்ல டிவி இருக்குதுக்கா."

தலைமை ஆசிரியை குரங்கு ஆப்பைத் தன் கையாலேயே அழித்தார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். "நெஜமா போயிடுச்சாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாள். திங்கட்கிழமை நான் எழுப்பும் முன்பே பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

இப்போதும் கணக்குப் போடும்போது அவள் உதடு அசையும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனசில் வேறு ஒரு கணக்கு ஓடும். அந்த வாரம் என் கையால் அவளுக்கு விழுந்த அடி நான்கு.