இஸ்ரேலுக்குப் பதிலாக மார்கரெட்

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் யார் கிணற்றில் மோட்டார் விழுந்தாலும் இஸ்ரேலுக்குத்தான் போன் வரும். மூச்சை அடக்கி முப்பதடி முங்கி, மோட்டாரில் கயிறு கட்டிவிட்டு மேலே வருவார். வயது ஐம்பத்தொன்று. முப்பது வருஷமாகத் தண்ணீருக்குள் போகிற மனுஷன், தண்ணீருக்குள் எதையும் பார்த்ததில்லை. கிணற்றடியில் சேறும் கும்மிருட்டும்தான், கையே கண்.

ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒருவன் மீன் கூட்டத்துக்கு நடுவே சாவகாசமாக மூச்சுவிட்டுக்கொண்டு போனான். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மனைவி மார்கரெட்டின் தங்கை விசாகப்பட்டினத்தில் வீடு கட்டி, புதுவீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டாள். ஜெபம் முடிந்து பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள் இஸ்ரேல் கிளம்பிவிட்டார். மார்கரெட்டும் கூடவே வந்தாள்.

சிலிண்டரோடு கடலில் முங்கச் சொல்லித் தருகிற இடங்களைப் போனில் பார்த்துவைத்திருந்தார். முதல் இடம் பூட்டிக் கிடந்தது. இரண்டாவது இடத்தில், நீச்சல் குளத்தில்தான் சொல்லித் தருவோம் என்றார்கள்.

"குளத்துல என்னாத்தப் பாக்கறது? டைல்ஸையா?" என்று வெளியே வந்தார்.

"காலு ஒரு எடத்துல நிக்காதா உங்களுக்கு? மூணு மணி நேரமா சுத்திக்கினு இருக்கோம்" என்றாள் மார்கரெட், செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே.

கடைசியில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர்களிடம் தெலுங்கில் கேட்டார். வடக்கே ஒரு குப்பத்தில் விஜயன் என்று தமிழ்க்காரர் ஒருவர் படகில் அழைத்துப்போய்க் கடலில் முங்கவைப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் விஜயன் முன்னால் போய் நின்றார்கள்.

விஜயன் ஒரு தாளை நீட்டினார். காதில் கோளாறு உண்டா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதினார் இஸ்ரேல். அவருடைய இடது காதுக்கு ஆறு வருஷமாகச் சரியாகக் கேட்காதென்று மார்கரெட்டுக்குத் தெரியும். அவள் தாளையும் அவரையும் பார்த்தாள்.

"உள்ள போகப் போகக் காது அடைக்கும். மூக்கைப் பிடிச்சுக்கினு மெதுவா ஊதணும். இப்பவே ஊதிக் காட்டுங்க" என்றார் விஜயன்.

இஸ்ரேல் ஊதினார். இடது காதிலிருந்து 'உஸ்' என்று காற்று வந்தது.

விஜயன் தாளை மடித்தார். "சார், காதுல ஓட்டை இருக்கு. தண்ணி உள்ள போனா தல சுத்தும், மேல எது கீழ எதுன்னே தெரியாது. கூட்டிப் போக மாட்டேன்."

"கெணத்துல எத்தினி தபா முங்கியிருக்கேன் தெரியுமா?"

"அதனாலதான் ஓட்டை."

இஸ்ரேல் இடது காதைத் தடவிப் பார்த்தார். அப்போது மார்கரெட் கேட்டாள்: "நீச்சல் தெரியாதவங்க போலாமா?"

"போலாங்க. நான் கையைப் பிடிச்சுக்கினே வருவேன்."

"அப்ப நான் போறேன். வந்ததுக்கு யாராச்சும் பாத்துட்டு வந்து சொல்லணும் இல்ல?"

அவளும் எழுதினாள், ஊதினாள். காதில் சத்தமில்லை. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் பழகிவிட்டு, விஜயன் கையைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து கடலுக்குள் இறங்கினாள். இஸ்ரேல் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே வரும் குமிழிகளையே பார்த்தார். குமிழி கொஞ்சம் தாமதித்தால் எழுந்து நின்றார். படகோட்டி இரண்டு தடவை உட்காரச் சொல்லிவிட்டார். இருபது நிமிஷம் அவருக்கு ஒரு யுகமாகக் கழிந்தது.

மேலே வந்தவளின் முகத்தில் கண்ணாடி அழுந்திய தடம்.

"என்னா இருந்துச்சு? சொல்லு."

"இருங்க." மூச்சு நிதானப்பட்டதும் சொன்னாள்: "பாறை முழுக்க மஞ்ச மீனு. என்னப் பாத்து ஒண்ணுகூட ஓடல. ஒரு சத்தமும் இல்ல, என் மூச்சு மட்டும்தான்."

மீன் எவ்வளவு பெரிசு, அடியில் மணலா கல்லா, வெளிச்சம் எதுவரை? ரயிலில் குடைந்து குடைந்து கேட்டார். அவள் சொல்லச் சொல்ல அவருக்குப் போதவில்லை. அடுத்த வாரமே அரக்கோணத்தில் காது டாக்டரைப் பார்த்தார். ஓட்டையை ஆபரேஷனில் அடைக்கலாம், முங்கலாமா என்பதை ஆறிய பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பஞ்சு வைத்த காதோடு வீட்டுக்கும் வாசலுக்குமாக நடக்கிறார்.

"ஆறு மாசம் கழிச்சும் டாக்டர் முங்க வேணாம்னு சொல்லிட்டா என்னா பண்றது?" என்று நேற்றும் கேட்டார்.

"நீங்க படகுல இருங்க. நான் எப்படியும் போவேன்" என்றாள் மார்கரெட்.