நாற்காலியிலிருந்து அடுப்படி வரை

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்த வீடு அப்படியே இருக்கிறது. யாருக்கு நடந்ததோ அவளும் இருக்கிறாள். நாளைக் காலையும் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பாள். இருட்டு, மழை, நாயின் ஊளை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். நடந்தது பட்டப்பகலில், ஜன்னல் வழியாகக் கூடத்தில் வெயில் விழுந்துகிடந்த நேரத்தில். அதனால்தான் அதைக் கனவு என்று ஒதுக்க அவளால் இன்றுவரை முடியவில்லை.

அவள் கணவர் பல் மருத்துவர். நாள் முழுக்க அந்தக் கருவியின் 'கொர்ர்ர்' சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகிவிட்டது, அதற்கு மருந்து பாட்டுதான் என்று சொல்லிப் பெரிய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும், ஆம்ப்ளிஃபயரும், இசைத்தட்டு போடும் கருவியும் வாங்கிவந்தார். முதல் பாட்டைப் போட்டதுமே முகம் தொங்கிப்போயிற்று. மேளம் குடத்துக்குள் அடிப்பது போல் முழங்கியது. குரல் குளியலறையில் பாடுவது போல் எதிரொலித்தது. கடைக்காரரோடு சண்டை போட்டார், ஒயரை மாற்றினார், ஊசியை மாற்றினார். கடைசியில்தான் தெரிந்தது, குற்றவாளி கருவி இல்லை, கூடம். வெறும் சுவர், வழவழப்பான தரை, ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்ட சத்தம் பந்து போல எல்லாவற்றிலும் மோதித் திரும்பி, அடுத்து வரும் சத்தத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து வீடு அவருக்கு ஒரு நோயாளி ஆகிவிட்டது. சுவரோடு ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை ஒரு கை நீளம் முன்னால் இழுத்தார். முழக்கம் பாதி அடங்கியது. நடுவில் தடித்த விரிப்பு போட்டார். ஜன்னலுக்குக் கனத்த திரை. நாற்காலிக்குப் பின்னால் புத்தக அலமாரி, அதில் புத்தகங்களை மேடும் பள்ளமுமாக அடுக்கி வைத்தால் சத்தம் சிதறிப்போகுமாம். மூலைகளில் ஆள் உயரத்துக்குப் பஞ்சு மூட்டை. பக்கச் சுவர்களில் பஞ்சடைத்துத் துணி சுற்றிய பலகைகள்.

அந்தப் பலகைகளை எங்கே மாட்டுவது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவள் ஒரு கண்ணாடியைச் சுவரோடு சுவராக மெல்ல நகர்த்திக்கொண்டே போவாள். கண்ணாடிக்குள் அவருக்கு ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான், சத்தம் சுவரில் பட்டு அவர் காதுக்கு வருகிற இடம்.

"இன்னும் கொஞ்சம்… இன்னும்… அங்கதான் வாயாடி, நில்லு."

வாயாடி என்பது அவர் வைத்த பேர். முதல்முறை சந்தித்த அன்று அவள் மொத்தமாகப் பேசியதே இரண்டு வார்த்தைதான். அந்த ஊமைச்சாமிக்கு இந்தப் பட்டம். அவரைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்படி ஒரு பேர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

"செவுத்துக்குக் கம்பளி போத்துற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் அவள். ஆனால் அவர் சிரித்த சிரிப்புக்காக இன்னும் நாலு சுவருக்கு வேண்டுமானாலும் கண்ணாடி பிடித்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார். அவள் அப்போது அடுப்படியில் தக்காளி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி, மேலே எக்ஸாஸ்ட் ஃபேன், இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. காப்பியோடு வந்தபோது இசைத்தட்டு முடிந்து ஊசி மட்டும் டிக்… டிக்… என்று தட்டிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தாள்.

துக்கத்துக்கு வந்த நாத்தனார், தம்பியைப் பறிகொடுத்த வேதனையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"கூப்பிடாமயா போயிருப்பான்? கூப்பிட்டிருப்பான். உனக்குத்தான் காதுல விழல."

சொன்னவர் மறந்திருப்பார். அவள் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்து நின்றது. கூப்பிட்டாரா? கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையா? டாக்டர், ஒரு நொடியில் முடிந்திருக்கும் என்றார். இன்னொரு முறை கேட்டபோது, சில நிமிடம் ஆகியிருக்கலாம் என்றார். தூக்கம் போயிற்று. பாட்டு கேட்பது போயிற்று. மிக்ஸியைத் தொடுவதே போயிற்று.

எட்டு மாதம் கழித்து அவள் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தாள். பாட்டுப் பதிவுக்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் போய் அறையின் ஒலியை அளந்து சரிசெய்து கொடுக்கிறவர். அவள் போனில் 'ஒலிக்காரர்' என்று பதிந்து வைத்திருந்தாள். ஸ்பீக்கர் சத்தம் சரியில்லை, வந்து பாருங்கள் என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஒலிக்காரர் கலகலப்பான ஆள். வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டினார். சத்தம் தலையணையில் விழுந்த கல் மாதிரி அப்படியே செத்தது. சார் கொஞ்சம் ஆசைப்பட்டு அதிகமாகவே பஞ்சு வைத்துவிட்டார், நாலு பலகையைக் கழற்றினால் அறைக்கு உயிர் வரும் என்றார். சத்தத்தை முழுசாகக் கொன்றுவிடக் கூடாதாம்; அடங்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானாம். நாற்காலியில் காது வருகிற உயரத்துக்கு ஒரு மைக்கை நிறுத்தினார். கணினியைத் திறந்தார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி உச்சிவரை ஏறியது… ஊஊம்… உவ்வ்வீஈஈ… திரையில் கோடு வளைந்து வளைந்து ஓடியது.

அவள் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றாள். "அந்த நாற்காலில உக்காந்து கூப்பிட்டா, அடுப்படிக்குக் கேக்குமா? அதை மட்டும் அளந்து சொல்லுங்க."

அவர் சிரிப்பு நின்றது. எதற்கு என்று கேட்கவில்லை. அவர் கண் மாலை போட்ட படத்துக்குப் போய்த் திரும்பியது.

இரண்டாவது மைக் ஒன்றை எடுத்துப்போய் அடுப்பு மேடையில், அவள் தோளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சின்ன வழி, ஒரு திருப்பம். தடித்த சத்தம் மூலை திரும்பி வந்துவிடும், மெல்லிசான சத்தம் பஞ்சில் மாட்டிக்கொள்ளும், பேச்சைப் புரியவைப்பதே அந்த மெல்லிசான சத்தம்தான் என்று சொல்லிக்கொண்டே போனார். பேசாமல் இருக்கப் பயந்து பேசுகிற பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது.

முதலில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒலிக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று சாதாரணக் குரலில் எண்ணினார். தூரத்தில் யாரோ போர்வைக்குள் முனகுவது போல அவளுக்குக் கேட்டது.

அடுத்து எக்ஸாஸ்ட் ஃபேன். மிக்ஸியில் வெறும் தண்ணீர் ஊற்றி அதையும் ஓடவிட்டாள். அவர் எண்ணினார். கொஞ்சம் உரக்கவும் எண்ணினாராம்.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றுமே.

மிக்ஸியை நிறுத்திவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. அவர் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. அவரே ஆசை ஆசையாய் மாட்டிய பஞ்சு, அவர் குரலைக் குடித்திருக்கும். அந்தப் பலகைகளுக்குக் கண்ணாடி பிடித்துக் கொடுத்தது அவள்.

ஒலிக்காரர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார். அன்றைக்கு எப்படி நின்றிருந்தாளோ அப்படியே நிற்கச் சொன்னார்.

அன்றைக்கு நின்றது போலவே நின்றாள். கூடத்துக்கு முதுகு. கை மிக்ஸி மூடியின் மேல்.

குமிழைத் திருகினாள். கர்ர்ர்ர்ர்…

கண்ணை மூடிக்கொண்டாள்.

கர்ர்ர்ர்ர்…

பிடரியில் மெல்லிய சூடு. யாரோ மூச்சு விடுகிற சூடு…

"வாயாடி…"

கத்தவில்லை. கூப்பிடக்கூட இல்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வது போல, அவ்வளவு மெதுவாக.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

கை தானாக மிக்ஸியை நிறுத்தியது.

வீடு அடங்கியது.

யாரும் இல்லை.

கூடத்துக்கு ஓடினாள். ஒலிக்காரர் நாற்காலியில் கணினியை மடியில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னக்கா, நிறுத்திட்டீங்க? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். அதில் ஒரு சின்னக் கோடு எழும்பியிருந்தது. அதையே பார்த்தார்… வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, அந்த நாற்காலியைத் தொடாமல் சுற்றிப் போய், ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். வந்தபோது அத்தனை பேசியவர், கிளம்பும்போது வரேன்க்கா என்ற ஒற்றை வார்த்தையோடு படியிறங்கினார்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அதுல ஒரு குரல் இருக்கு. என்னோடது இல்ல."

தெரியும் என்றாள். "அவர் கூப்பிட்டிருக்கார், தம்பி. அந்த நாற்காலிலேர்ந்து கூப்பிட்டிருக்கார். எனக்குத்தான்…"

"இல்லக்கா. நாற்காலிலேர்ந்து வரல."

ஒலிக்காரர் நிதானமாக விளக்கினார். சத்தம் போய்ச் சேர நேரம் எடுக்கும். எந்த மைக் பக்கத்தில் இருக்கிறதோ அதில் முதலில் விழும், உரக்கவும் விழும். அவர் எண்ணியதெல்லாம் நாற்காலி மைக்கில் முதலில், அடுப்படி மைக்கில் பிறகு. இந்தக் குரல் மட்டும் நேர்மாறாக இருக்கிறது. அடுப்படியில்தான் முதலில் விழுந்திருக்கிறது. நாற்காலிப் பக்கம் ஏதோ பெயருக்குத்தான் கேட்கிறது.

"உங்களுக்குப் பின்னாடி நின்னு பேசியிருக்காங்கக்கா. ஒரு முழம்கூட இருக்காது."

அவள் திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு. அந்தக் குரலுக்கு ஒரு பதில் வருது. அது உங்க குரல்."

அன்று அவள் வாயையே திறக்கவில்லை.

அதைச் சொன்னாள். பதிவை அனுப்பிவிடுவதாகவும், பதில் வருகிற இடத்தோடு தான் நிறுத்திவிட்டதாகவும், அதற்கு மேல் கேட்கத் தனக்குத் தைரியம் இல்லை என்றும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அன்று மாலை அவள் அந்த நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தாள். கணவர் போனபிறகு அதில் யாரும் உட்கார அவள் விட்டதில்லை, ஒலிக்காரரைத் தவிர. பதிவைக் கணவரின் ஸ்பீக்கர்களிலேயே போட்டாள்.

கர்ர்ர்ர்ர்…

"வாயாடி… நெஞ்சு என்னமோ மாதிரி இருக்கு."

பிறகு அவள் குரல். திரும்பிப் பார்க்காமல், கை வேலையை விடாமல் பேசுகிற குரல். நாளைக்கும் அவர் இருப்பார் என்று நம்புகிறவளின் குரல்.

"போய் உக்காருங்க. இதோ வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை. தினமும் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்… அதில் எதை நினைவு வைத்துக்கொள்வது? அவர் கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குக் கேட்டிருக்கிறது. பதிலும் சொல்லியிருக்கிறாள்.

பதிவு அதோடு முடியவில்லை. அளந்த அன்று அவள் உடனே நிறுத்திவிட்ட மிக்ஸி, இதில் ஓடிக்கொண்டே இருந்தது.

மிக்ஸி இரைச்சலுக்கு அடியில்… காலடி.

தப்… தப்…

அடுப்படியை விட்டு வெளியே.

திருப்பத்தில்.

கூடத்தில்.

விரிப்பின் மேல் ஏறியதும் சத்தம் மெத்தென்று மாறியது. தொப்… தொப்…

ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பக்கத்தில்.

ஸ்பீக்கர்களிலிருந்து இல்லை… அவளுக்கு நேர் முன்னால்.

அவள் எழுந்து, நாற்காலியை விட்டு விலகி நின்றாள்.

நாற்காலி மெல்ல முனகியது.