நிற்காத சைக்கிளுக்கு ஒரு படம்

என் வீட்டுக்காரர் பெயர் வேலப்பன். அவர் இருந்தவரைக்கும் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது சொன்னால் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? மைதானத்தின் நடுவே கம்பம் நட்டு, அதைச் சுற்றி மூன்று நாள் இரவு பகலாக இறங்காமல் சைக்கிள் விடுவது அவர் தொழில். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. பழனி அடிவாரத்தில் அப்படிச் சுற்றியவரைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். சுற்றிக்கொண்டே இருக்கிறவன் வீடு வந்து சேருவானா என்று எங்கப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷமே அடுப்பு எரிவது பெரும்பாடாகிவிட்டது. கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அவருடைய அண்ணன், கிளம்பி வா என்று ஆள்மேல் ஆள் விட்டார். போனால் இவர் மட்டும்தான் போகவேண்டும். அந்த நேரத்தில் திண்டுக்கல் காண்ட்ராக்டர் கந்தவேல், ஊர் ஊராக ஆட்டம் வைத்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் நோட்டீசில் போட, ஓடுகிற சைக்கிளில் இவர் முகம் தெரிகிற படம் வேண்டுமாம். சைக்கிளுக்கு முட்டுக் கொடுத்து எடுத்த படங்களைக் காட்டி எவனெவனோ ஜனங்களை ஏமாற்றியிருந்தான். படம் கிடைத்தால் திண்டுக்கல், கிடைக்காவிட்டால் கப்பல்.

சீசனுக்குக் கொடைக்கானல் பஜார் மைதானத்தில் ஆட்டம் வைத்தோம். அப்பப்பா, அந்தக் குளிரும், தைல மர விறகுப் புகையும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற கூட்டமும்! இன்றைக்கும் நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. படமெடுக்க வந்தவர் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த பஷீர் அகமது. வட்டத்துக்கு வெளியே முக்காலியை ஊன்றி, அதன்மேல் கேமராப் பெட்டியை வைத்து முதல் நாள் எடுத்தார். எதிரே நின்ற கூட்டம் சட்டைப் பொத்தான் முதற்கொண்டு துல்லியமாக விழுந்திருந்தது. இவர் மட்டும் புகை மாதிரி கலைந்துபோயிருந்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். கேட்க மாட்டார்களா பின்னே! இரண்டாம் நாள் மெதுவாக விடச் சொன்னார். மெதுவாக விட்டால் சைக்கிள் ஆடுகிறது. அதுவும் கலைந்தது. படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட்டு கையில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அன்று சாயங்காலம் நான் வழக்கம்போலச் சைக்கிளோடு கூடவே ஓடி அவருக்குப் பால் கொடுத்ததைப் பஷீர் பாய் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு சிந்தலையே, தங்கச்சி," என்றார். "அவரு வேகத்துக்கே நீயும் ஓடுற. என் பெட்டிதான் நட்ட மரமா நிக்கிது."

மறுநாள் வெள்ளனே வந்து நடுக்கம்பத்தைப் பிடுங்கச் சொன்னார். அந்தக் குழி இருந்த இடத்தில் முக்காலியை நிறுத்தி, பெட்டி சுழலுகிற மாதிரி திருகைத் தளர்த்தினார். நடுவில் நின்றால் அவர் எந்தப் பக்கம் போனாலும் தூரம் மாறாது, அவர் திரும்புகிற வேகத்திலேயே பெட்டியும் திரும்பினால் முகம் கலையாது என்று எனக்கு விளக்கினார். மேகம் விலகட்டும் என்று உச்சிவரைக்கும் காத்திருந்தோம். வெயில் வந்தது. பெட்டியோடு தானும் சுற்றிச் சுற்றிப் பழகிவிட்டு, அமுக்கினால் படம் விழுகிற ரப்பர் பந்தைக் கையில் எடுத்தார். எல்லாரும் விலகி நில்லுங்கள் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அப்போது பார்த்து இந்த மனுஷன், "வடிவு, வெரசா தண்ணி கொண்டா," என்று சத்தம் போடுகிறார். எனக்கு வந்ததே கோபம்! இப்போதுதானே குடித்தார்? ஆனாலும் நாக்கு வறண்டு விழுந்து தொலைத்தால் என்ன செய்வது? செம்போடு ஓடினேன். நான் பக்கத்தில் போய்ச் சேரவும் பஷீர் பாய் பந்தை அமுக்கவும் சரியாக இருந்தது.

படம் கழுவி வந்தது. ஊர் முழுக்கக் கோடு கோடாக இழுபட்டுக் கிடக்கிறது. நடுவில் இவர் முகம், மீசை முறுக்கோடு, அப்படியே இருக்கிறது. பக்கத்தில் செம்பும் கையுமாக, முந்தானை பறக்க, வாயைத் திறந்து திட்டிக்கொண்டே ஓடுகிற நானும் அதே துல்லியம். பஷீர் பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கந்தவேல் படத்தைப் பார்த்துச் சரி என்றார். என்னை வெட்டிவிட்டு அச்சடித்தார்கள். திண்டுக்கல் சுவரெல்லாம் இவரும், ஓரத்தில் என் வளையல் கையும்தான்.

அதைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த கோபம் பொங்கிவிட்டது. காரியம் கெட்டுக் குட்டிச்சுவராகியிருக்குமே, தாகமே இல்லாமல் எதற்கு என்னைக் கூப்பிட்டீர்கள் என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டேன்.

"படம் தேறாட்டி நான் கப்பல் ஏறியிருப்பேன்," என்றார். "அப்ப உன் கையில அந்தப் படம் மட்டுந்தான் இருக்கும். அதுல கலைஞ்சு போனாலும் ரெண்டு பேரும் சேந்தே கலைஞ்சு கெடப்போம்னுதான் கூப்பிட்டேன்."