பல்லக்காவின் ஐம்பது ‘டக்’

“பொறுங்க, இப்ப வருது பாருங்க” என்று ஒரு விரலைத் தூக்குகிறாள் பல்லக்கா. இன்னொரு கையில் யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பற்கள் பதினான்கும் மொத்தமாக இருக்கின்றன. அலமாரி மேலிருக்கும் ஸ்பீக்கரில் பாட்டுக்காரி மூச்சை இழுக்கிறாள், கிதார் சட்டென்று நிற்கிறது, ‘டக்’ என்று ஒரே ஓர் அடி. பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டுகிறாள். பாட்டில் இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. அதைப் பற்றி அவளுக்கென்ன? பட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுகிறாள். கையெழுத்துக்காக நிற்கும் கூரியர்காரர் பேனாவை நீட்டியபடியே இரண்டாம் முறையும் கேட்கிறார்.

பொய்ப்பல் செய்வது அவள் தொழில். சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டு அறை. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் ஜிப்சம் மாவைக் குழைத்து வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, ராவி, பளபளப்பாக்கி அனுப்புவாள். நாற்காலி, ஜன்னல், ஸ்பீக்கர், அவள் புருவம், எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக வெள்ளை மாவு படிந்திருக்கும். ராவும் மெஷினை ஓட்டும்போது மட்டும் காதுக்குக் கெட்டியான மூடி போட்டுக்கொள்வாள். “பல்லு போனா நானே செஞ்சுக்குவேன். காது போனா யாரு செஞ்சு தருவா?” என்பாள். தெருவில் எல்லாருக்கும் அவள் பல்லக்காதான். சொந்தப் பெயர் மின்சார ரசீதில் மட்டும் இருக்கிறது.

டிரம்ஸ் வாசிப்பவரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தட்டையாக ஒரு மேளம் இருக்குமே, அடியில் மெல்லிய கம்பிச் சுருள்களை இழுத்துக் கட்டியிருப்பார்களே, அதற்கு ஸ்னேர் என்று பெயர். பாட்டோடு சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால், இரண்டிலும் நான்கிலும் ‘டக்’கென்று விழுவது அதுதான். ஊர் உலகம் குரலுக்காகப் பாட்டு கேட்கும். பல்லக்கா இந்த ‘டக்’குக்காகக் கேட்கிறாள். ஒரு பாட்டின் வரியும் அவளுக்குத் தெரியாது. “அது காதல் பாட்டா? யாரு கண்டா. நல்லா அடிச்சிட்டிருக்கும்போது குறுக்கக் குறுக்கப் பாட வந்துடறாங்க” என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

அவள் கேட்டதிலேயே சிறந்த ஐம்பது அடிகளின் பட்டியல் ‘ஐம்பது ஸ்னேர் டக்’ என்ற தலைப்போடு அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு. ‘ஈரத் துண்டை உதறினது.’ ‘டீச்சர் ஸ்கேலால மேஜையில ஒரு தட்டு.’ ‘குழந்தை பிஸ்கட் கடிச்சது.’ போதாக்குறைக்குப் பல்லின் நிறத்தைக் குறிக்கும் எண்ணையும் போட்டுவைப்பாள். ஏ1 என்றால் வெள்ளை வெளேரென்று கூசும் அடி. ஏ4 என்றால் முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவரின் அடி. ஒரு தடவை சீட்டு மாறிப்போய், கீழ்வரிசைப் பல்செட்டோடு டாக்டருக்குப் போன காகிதத்தில், ‘சத்தம் பிரமாதம், வால்தான் கொஞ்சம் நீளம், நறுக்கியிருக்கலாம்’ என்று இருந்ததாம். டாக்டர் போன் போட்டு, “எந்தப் பல்லுக்கும்மா வால் இருக்கு?” என்று கேட்டார். நோயாளி வாயைத் திறந்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பாவம்.

பட்டியலில் இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நிஜமான ஸ்னேராக இருக்க வேண்டும், நிஜமான மனிதர் அடித்திருக்க வேண்டும். கைதட்டல் கலக்கக் கூடாது. தாளம் போடும் மெஷின் அறவே கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் வீட்டுக்காரரும் ஒரே இயர்போனில் பகிர்ந்து கேட்ட பாட்டொன்று ஏழாவது இடத்தில் இருந்தது. அந்த அடிக்கு மேலே யாரோ கை தட்டியிருக்கிறார்கள் என்று ஒருநாள் கண்டுபிடித்து, ஈவு இரக்கமில்லாமல் அழித்துவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் தொலைதூரப் பேருந்து ஓட்டுபவர், சாது. ஆனாலும் இரண்டு நாள் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறந்தார்.

பதினோரு வருஷமாக முதலிடம் மாறவில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டு அது. கடைசி ரயிலைத் தவறவிட்ட ஒருவன் பிளாட்பாரத்தில் நின்று புலம்புகிறான் என்று வீட்டுக்காரர் சொல்வார். புலம்பல் கிடக்கட்டும். பின்னால் விழும் அந்த அடி இருக்கிறதே, வறண்டு, சுருக்கென்று விழுந்து, விழுந்த பிறகு ஒரு சின்ன மூச்சு விடும். “ஆழமான மர ஸ்னேர். மேல ஒரு துண்டு மடிச்சுப் போட்டிருக்கான். எழுதி வேணாத் தரேன்” என்பாள். “மெஷினாக்கூட இருக்கும்” என்று வீட்டுக்காரர் ஒரு தடவை வாயைவிட்டார். வந்ததே கோபம் அவளுக்கு. “என் காது பொய் சொல்லாது. அது ஸ்னேர் இல்லன்னு எவனாவது நிரூபிச்சா இந்த ஐம்பதையும் ஒரேயடியா அழிச்சிடறேன். அப்புறம் பாட்டே கேக்கறதில்ல” என்றாள். நாத்தனாரிடமும் அதையே சொன்னாள், டாக்டரிடமும் சொன்னாள், கூரியர்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். புதுப் பல்செட் பேசும்போதெல்லாம் டக்டக்கென்று அடிக்கிறது, பேரப்பிள்ளைகள் சிரிக்கின்றன, டாக்டர் நேரே இங்கேயே போகச் சொல்லிவிட்டார் என்றார். பல்லக்கா நீலத் தாளை அவர் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கச் சொன்னாள். நீலம் எந்தப் பல்லில் அழுத்தமாக ஒட்டுகிறதோ அதுதான் உயரம், அதைத்தான் ராவ வேண்டும். செட்டைக் கழற்றி ராவிவிட்டு, காதுமூடியை எடுத்தபோது, மேஜையில் ஏதோ சத்தம். பெரியவரின் கட்டைவிரல் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று. அச்சு பிசகவில்லை.

“ஐயா டிரம்ஸ் வாசிப்பீங்களா?”

“வாசிச்சேன். அதெல்லாம் அந்தக் காலம்மா. ரெக்கார்டிங்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான்” என்றார் அவர் பல்லில்லாமல். “ரயிலை விட்டவன் பாட்டு. நீங்க கேட்டிருக்க மாட்டீங்க.”

பல்லக்காவின் கையிலிருந்த செட் மாவு டப்பாவுக்குள் விழுந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பல்லைக் கழுவிப் பொருத்தி, அவர் வாய் திறக்கும் முன்பே, “மரம்தானே ஐயா? மேல துண்டு போட்டிருந்தீங்கதானே?” என்றாள். அன்று வண்டி முடித்துவிட்டு வந்திருந்த வீட்டுக்காரரும், மூலையில் டீ குடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டார்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “சொன்னா சிரிப்பீங்க.”

“சிரிக்க மாட்டேன். சொல்லுங்க.”

“ஊர்லேர்ந்து வரும்போது ஸ்னேரை ரயில்லயே விட்டுட்டேன். ஸ்டுடியோ மத்தியானம் வரைக்கும்தான் நமக்கு. வேற வழி? என் சூட்கேஸைக் காலி பண்ணி, சாவிக்கொத்தை உள்ள போட்டு, அதைத்தான் அடிச்சேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு வாசிச்ச நாலு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம். நாப்பது வருஷமா என் சம்சாரத்துக்கே தெரியாது.”

மூலையில் டீ புரையேறியது. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான்; ஆனால் ஏழாவது இடத்தை இழந்தவர். “அப்ப... ஐம்பதும்...?” என்று மெல்ல இழுத்தார்.

“என்னங்க, உங்க பெட்டியைக் குடுங்க.”

“எதுக்கு?”

எதுக்கென்று சொல்ல அவளுக்கு ஏது நேரம். அவருடைய பயணப் பெட்டியை இழுத்துத் திறந்து தலைகீழாக உதறினாள். காக்கிச் சட்டை, சாக்ஸ், ஷேவிங் செட் எல்லாம் மாவுத் தரையில் விழுந்தன. “ஏம்மா, நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டறது?” என்றார் அவர். அவள் தன் அறைச் சாவிக்கொத்தை உள்ளே போட்டு மூடி, பெரியவரின் மடியில் பெட்டியை வைத்து, மாவு குழைக்கும் கரண்டியைக் கையில் திணித்தாள்.

முதல் அடி ‘டொப்’ என்றது. பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். இடது உள்ளங்கையால் பெட்டியின் ஒரு மூலையை அழுத்திப் பிடித்து, முழங்காலைக் கொஞ்சம் தூக்கி, மறுபடி அடித்தார்.

டக். உள்ளே சாவிகள் ஒரு கணம் குலுங்கி அடங்கின.

“அந்த மூச்சு” என்றாள் பல்லக்கா. “அது சாவி. பதினோரு வருஷமா நான் கேட்டது சாவி.” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பீறிட்டுக்கொண்டு வந்தன. “இன்னொரு தடவை ஐயா. பாட்டு முழுக்க.” பெரியவர் அடித்தார். கீழேயிருந்து சாவிக் கடைக்காரர் ஏறி வந்து எட்டிப் பார்த்தார். ஊரெல்லாம் கேட்ட அடியை நாற்பது வருஷம் ஒளித்துவைத்திருந்தவர், ஊர் பார்க்க அடிக்கிறார். முகத்தில் இருபது வயசு குறைந்துவிட்டது. சட்டையெல்லாம் தரையில் கிடக்க, வீட்டுக்காரர் டீ கிளாஸில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

அடித்து ஓய்ந்ததும் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. பல்லக்காவின் சபதத்தை வீட்டுக்காரர் அவருக்குச் சொல்லியே விட்டார், சொல்லாமல் இருக்க முடியுமா அவரால். பெரியவரின் முகம் வாடிவிட்டது.

“அது டிரம்ஸ் இல்லதான்ம்மா. நியாயம்னா நியாயம். ஐம்பதும் எதுக்கு, என்னோடதை மட்டும் எடுத்துடுங்க” என்றார்.

பல்லக்கா அலமாரிக் கதவைத் திறந்தாள். மேஜை டிராயரைத் துழாவி ரப்பரை எடுத்தாள். ரப்பரை முதலாம் எண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு கையை ஒரு சாண் மேலே உயர்த்தி, பட்டியலின் தலைப்பில் கொட்டை எழுத்தில் இருந்த ‘ஸ்னேர்’ என்பதை, ஓர் எழுத்து பாக்கியில்லாமல், அழுத்தித் தேய்த்து அழித்தாள்.